யந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்குமுன்

என் தமக்கையின் மகன் தில்லியில், மயூர் விஹார் பகுதியில், ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறான். அவ்வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஒன்றரை ஆண்டுக் காலம் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் செலவிட்டு அவன் ஒரு யந்திரத்தைக் கட்டினான். அலுமினியச் சட்டங்கள், மூன்று திருகுதண்டுகள், தண்டு ஒவ்வொன்றையும் சுழற்ற ஒரு மோட்டார், மரத்தையும் மெல்லிய உலோகத் தகட்டையும் செதுக்குவதற்கு ஒரு சுழல்வெட்டி, இவற்றையெல்லாம் ஆட்டி வைக்க யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய கணிப்பொறி. தொழிற்சாலைகளில் சி.என்.சி. என்று வழங்கும் யந்திரத்தின் வீட்டுப் பதிப்பு அது. வரைபடத்தை எண்களாக மாற்றிக் கொடுத்தால், அந்த எண்களின்படி தானே நகர்ந்து, தானே வெட்டிக்கொள்ளும் யந்திரம் என்று நேயர்களுக்கு அதை அறிமுகம் செய்து வைக்கலாம்.

முதன்முதலாக அதற்கு மின்சாரம் கொடுத்த நாளில் என்னையும் அழைத்திருந்தான். நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு என் ஜீவனம். யந்திர நுட்பத்தில் எனக்குப் பயிற்சியில்லை. எனினும் அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள நுட்ப அறிவு தேவைப்படவில்லை. "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று கூறி, அவன் ஸ்விட்சைப் போட்டான். கணிப்பொறி கண் விழிக்கும்போதே மோட்டார்கள் இருமுறை துடித்து அடங்கின. அதை அவன் பொருட்படுத்தவில்லை. பிறகு, யந்திரத்தின் பாலத்தை அதன் தொடக்க மூலைக்குக் கொண்டுவருமாறு கட்டளையிட்டான். அது மெல்ல நகர்ந்து மூலையை அடைந்தது. அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சட்டத்தில் முட்டிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடிப்பது போன்ற ஓசையுடன் மேலும் மேலும் உந்தியது. திரையிலோ எண்கள் வளர்ந்துகொண்டே போயின. பாலம் ஓரிடத்தில் அசையாது நின்று திணற, கணிப்பொறி தன் கணக்கில் அதை வெகு தூரம் கொண்டு போய்விட்டது! பையன் விசைப்பலகையைத் தட்டினான், பயனில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்குவதற்குள், தண்டையும் மோட்டாரையும் பிணைக்கும் இணைப்பு விண்டுபோயிற்று. மூலையை உணர்த்த வேண்டிய சிறு ஸ்விட்சின் கம்பி ஒன்று கழன்றிருந்தது. சிவப்பு நிறுத்தப் பொத்தான் வாங்கி வைத்திருந்தான். அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை, அடுத்த வாரம் பொருத்துவதாக எண்ணம்.

பழுது சிறிது; நானூறு ரூபாய்க்குள் அடங்கியது. சட்டத்துக்கும் பாலத்துக்கும் நடுவே யாருடைய விரலும் இல்லாதது எங்கள் நல்வினை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நகர்வதற்கு வேண்டியவற்றையெல்லாம் நூலிழையளவும் பிசகாமல் கணக்கிட்ட ஒருவனுக்கு, நிற்பதற்கு வேண்டியவை ஏன் கடைசி வேலையாகத் தோன்றின? அக்கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது, இந்த யந்திரத்தின் சரித்திரத்திலேயே அதற்கு விடை இருப்பதைக் கண்டேன்.

துளையிட்ட அட்டையைக் கொண்டு யந்திரத்துக்கு ஏவல் சொல்லும் வித்தை பழையது. பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் அதை உருப்படுத்தினார். பனாரஸிலும் காஞ்சியிலும் சேலைக் கரைக்குப் பூ வேலை செய்யும் தறிகளின் உச்சியில் அந்த அட்டைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் தறியின் அட்டை இழையைத் தூக்கு, தூக்காதே என்ற இரண்டே சொற்களை அறியும். வெட்டியை இன்ன இடத்துக்குக் கொண்டுபோ என்று சொல்வது வேறு காரியம். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளைச் செய்து கொடுத்துவந்தார். இறக்கையின் வளைவை விவரிக்க, அதை வடிவமைத்த நிறுவனம் பதினேழு புள்ளிகளைத்தான் கொடுத்தது. அப்புள்ளிகளை வளைகோலால் இணைத்து, அச்சுத் தகடு வெட்டி, அதைப் பார்த்து இறக்கை செய்வார்கள். இரு புள்ளிகளுக்கு இடையே வளைவு எப்படிப் போகிறது என்பது வரைகிறவரின் கைப்பாங்கு. பார்சன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர், கணக்கெழுதும் அட்டை யந்திரங்களைக் கொண்டு இந்தப் புள்ளிகளை இருநூறாகப் பெருக்கினார். புள்ளிகள் அவ்வளவு நெருங்கிவிட்டால் கைப்பாங்குக்கு இடமேது? ஒவ்வொரு புள்ளியிலும் வெட்டியை இறக்கி எடுத்தால் வளைவு தானே உருவாகிவிடும். எஞ்சிய சிறு மேடுகளை அரத்தால் தேய்த்துவிடலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க அவர்கள் கையாண்ட முறைதான் இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஒரு துருவல் யந்திரத்தின் அருகே மூன்று ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் தாளைப் பார்த்து எண்களை உரக்கப் படிக்கிறார். மற்றவர் இருவரில் ஒருவர் நீளவாட்டச் சக்கரத்தையும், ஒருவர் குறுக்குவாட்டச் சக்கரத்தையும் அந்த எண் வரும்வரை சுழற்றுகிறார். வெட்டி இறங்குகிறது, எழுகிறது, அடுத்த எண். இன்றைய சி.என்.சி. யந்திரம் முழுவதும் இந்த மூவரிடத்தில் இருக்கிறது. படிப்பவர் கணிப்பொறி, சக்கரம் பிடித்த இருவரும் இரு மோட்டார்கள்.

பார்சன்ஸ் 1949 ஜூன் மாதத்தில் அமெரிக்க விமானப்படையிடம் இரண்டு லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அந்த வேலையில் துணை ஒப்பந்தக்காரராக வந்து சேர்ந்தது. சேர்ந்தவர்கள் நாளடைவில் தலைமையை எடுத்துக்கொள்ள, தொடங்கியவர் ஒதுக்கப்பட்டார். இப்படி நேர்வது புதிதன்று; 1985இல் அமெரிக்க அரசு பார்சன்ஸுக்குத் தேசிய விருது அளித்து ஓரளவு ஈடு செய்தது. 1952 செப்டம்பரில் அந்த ஆய்வுக்கூடம், சின்சினாட்டி நிறுவனத்தின் துருவல் யந்திரம் ஒன்றைக் காகித நாடாவின் துளைகளால் மூன்று திசைகளிலும் ஒருங்கே இயக்கிக் காட்டியது. இருநூற்றைம்பதுக்குக் குறையாத வெற்றிடக் குழாய்கள் கொண்ட அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் யந்திரத்தைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டில்தான் நம் நாட்டில், பெங்களூரில், ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவப்பட்டது. அது முதலில் செய்தளித்தவை கைச்சக்கரம் சுழற்றும் கடைசல் யந்திரங்களே. கை போன யந்திரமும் கை வைத்த யந்திரமும் உலகில் ஒரே சமயத்தில் பிறந்துகொண்டிருந்தன.

இனி, அந்த மூவரிடம் திரும்பிவருவோம். சக்கரம் பிடித்தவர் களைத்து நின்றால் யந்திரமும் நின்றுவிடும். படிக்கிறவருக்கு இருமல் வந்தால் நின்றுவிடும். எண் தவறாகக் காதில் விழுந்து, சக்கரம் கோடியை எட்டிவிட்டால், கை அதன் கனத்தை உணர்ந்து தயங்கும். மூவரில் எவருக்கு என்ன நேர்ந்தாலும் யந்திரம் நிற்குமே தவிர ஓடாது. நிறுத்தம் என்று ஒன்றை அவர்கள் செய்ய வேண்டியதேயில்லை. ஓட்டத்தைத்தான் கணந்தோறும் செய்துகொண்டிருந்தார்கள், செய்யாவிட்டால் நிறுத்தம். அந்த மூவரையும் விலக்கி மோட்டாரை வைத்தபோது இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. ஓட்டம் இயல்பாகிவிட்டது, நிறுத்தம் யாராவது முயன்று செய்ய வேண்டிய காரியமாயிற்று. கையை விலக்கியவர்கள், கையோடு கூட எது போயிற்று என்பதைப் பிறகுதான் உணர்ந்தார்கள்.

வீட்டில் கட்டும் யந்திரத்தில் இன்னொரு குறையும் சேர்கிறது. அதில் பெரும்பாலும் வைப்பது படி மோட்டார். ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி, இருநூறு படிகளுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் தண்டானால், ஒரு படி 0.025 மில்லிமீட்டர். நாற்பது துடிப்பு அனுப்பினால் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணிப்பொறி எழுதிக்கொள்கிறது. நகர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. அனுப்பிய கடிதமெல்லாம் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளும் குமாஸ்தாவைப் போன்றது அது. மின்சாரம் வந்த முதல் கணத்தில் நிலைமை இன்னும் மோசம். பாலம் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவேதான் முதலில் ஒரு மூலைக்குப் போய், அங்குள்ள ஸ்விட்சைத் தொட்டு, இதுவே பூஜ்யம் என்று அறிந்துகொள்கிறது. கண் தெரியாதவர் தம் வீட்டுச் சுவரைத் தொட்டுத் திசை அறிவது போல. அன்று எங்கள் யந்திரம் சுவரைத் தேடிப் போனது. சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சுவர் ஏன் பேசவில்லை என்பதற்கான விடையைத் தேடினால், கணிப்பொறி யுகத்தை விட்டு ரெயில்வேயின் இளமைக் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரெயிலுக்குக் காற்றுத் தடை செய்தார். எஞ்சினில் அழுத்தி வைத்த காற்று, குழாய் வழியே பெட்டிகளுக்குப் போய்த் தடைக்கட்டைகளைச் சக்கரத்தின்மேல் அழுத்தும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் குழாய் எங்காவது கிழிந்தால் காற்று போகாது, தடை பிடிக்காது. இடையில் இணைப்பு அறுந்து பின்பெட்டிகள் தனியே உருள நேர்ந்தால், மிகவும் தேவையான அந்த நேரத்தில் தடை இல்லை. 1872இல் அவரே இதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அது நிறைந்திருக்கும் வரை தடை விலகியிருக்கும். காற்று குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடமுள்ள சிறு தொட்டியின் காற்றைக் கொண்டு தானே தடை போட்டுக்கொள்ளும். ஓட்டுநர் காற்றை வெளிவிட்டாலும் தடை விழும். குழாய் அறுந்தாலும் தடை விழும்.

அதே 1872இல், வெஸ்டிங்ஹவுஸுக்குத் தொடர்பில்லாத வில்லியம் ராபின்சன் என்ற மற்றோர் அமெரிக்கர், தண்டவாளத்தின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, பாதையில் வண்டி இருக்கிறதா என்று அறியும் முறையை வகுத்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் அவர் செய்த முதல் ஏற்பாட்டில், வண்டி வந்தால் மின்சுற்று மூடி அபாயக் குறி காட்டும். கம்பி அறுந்தாலோ, மின்கலம் வற்றினாலோ எப்படி மூடும்? வண்டி நின்றுகொண்டிருந்தாலும் வழி திறந்திருப்பதாகவே குறி காட்டும். இக்குறையை உணர்ந்து, அவர் மின்னோட்டம் எப்போதும் ஓடும்படி அமைத்தார். ஓட்டம் வருகிற வரையில்தான் வழி திறந்தது என்று குறி. வண்டியின் சக்கரம் அதைத் திசை திருப்பினாலும், தண்டவாளமே முறிந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், விளைவு ஒன்றே: அபாயம்.

இரண்டும் ஒரே கருத்து. அபாயத்தைச் செய்தியாக அனுப்பினால், செய்தி வரும் வழியில் தொலைந்து போகலாம். நலத்தைச் செய்தியாக இடையறாது அனுப்பி, அது வாராமையை அபாயமாகக் கொண்டால் எதுவும் தொலையாது. இதற்கு ஆங்கிலத்தில் ஃபெயில் ஸேஃப் என்று வழங்கும் சொற்றொடரைத் தமிழாக்குவதில் என் போன்றோர் படும் பாட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழுதுபடாதது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் பழுதுபடும் என்று ஒப்புக்கொண்டு, படும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்பே தீர்மானிப்பதுதான் அதன் பொருள். அவசர நிறுத்தம் என்று நாம் பலகையில் எழுதி வைப்பதும் எனக்கு நிறைவளிப்பதில்லை. அவசரமாக நிறுத்துவது என்றே கிராமத்துக் காது அதைக் கேட்கும். ஆபத்து நிறுத்தம் என்றால் இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி.

என் மருமகன் அந்த மூலை ஸ்விட்சை ராபின்சன் முதலில் செய்த முறையிலேயே இணைத்திருந்தான். பாலம் வந்து இடித்தால் சுற்று மூடும், மூடினால் நிற்கும். கம்பி கழன்றபின் எப்படி மூடும்? இணைப்பை மாற்றி, எப்போதும் மூடியிருக்கும் சுற்று, இடித்தால் திறப்பது என்று வைத்திருந்தால், கம்பி கழன்ற அதே நொடியில் யந்திரம் நகர மறுத்திருக்கும். ஸ்விட்சு அதேதான், விலையும் அதேதான். கம்பியைச் செருகும் துளை மட்டும் வேறு. 1872இல் தீர்ந்துபோன ஒரு பிழையைத்தான் மயூர் விஹாரில் நாங்கள் மறுபடியும் செய்தோம்.

தொழிற்சாலையாயிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆபத்தான யந்திரங்களுக்கு வேலி கட்டு என்று பிரிட்டனில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நம் நாட்டில் 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் இயற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஓடும் யந்திரத்தின் விசையை ஆபத்து வேளையில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவார். குறை கண்டால் எழுதுவார். வீட்டுத் தாழ்வாரத்துக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. கட்டியவனே தனக்கு இன்ஸ்பெக்டர். தன் வேலையைத் தானே சந்தேகிக்க வேண்டிய சங்கடமான உத்தியோகம் அது.

சட்டமும் வேலியும் இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. 1979 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்து வார்ப்பாலை ஒன்றில், அடுக்குகளிலிருந்து பாகங்களை எடுத்துத் தரும் யந்திரக் கை, இருபத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவரைப் பின்னாலிருந்து தாக்கிக் கொன்றது. ஜப்பானில் அகாஷி நகரத்து ஆலையொன்றில் 1981இல் நேர்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. யந்திரக் கையைச் சுற்றி வேலி இருந்தது. வேலியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானே துண்டிக்கும் ஏற்பாடும் இருந்தது. பழுது பார்க்கச் சென்றவர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போனார் என்றும், யந்திரம் எதிர்பாராமல் இயங்கி அவரை நசுக்கியது என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறின. கதவைத் திறந்தால் வேலை நின்றுவிடுமே என்று எண்ணினாரோ, என்னவோ. பாதுகாப்பு ஏற்பாடு வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், மனிதன் அதைத் தாண்டிப் போக ஒரு வழி கண்டுபிடிப்பான்.

இதற்கு அமெரிக்காவும் ஜப்பானும் போக வேண்டாம். எங்கள் ஊர் வயற்காட்டுக் கிணற்றடியில், மோட்டார் கொட்டகைச் சுவரில், பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சையை அழுத்தினால் உள்ளே ஒரு மின்காந்தச் சுருள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் சுருள் கைவிடும்; மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது, யாராவது வந்து மறுபடி பச்சையை அழுத்தியாக வேண்டும். இதுவும் வெஸ்டிங்ஹவுஸின் கருத்தே. ஆனால் நள்ளிரவில் வரும் மின்சாரத்துக்காக எந்த விவசாயி வரப்பில் நடந்து போவான்? தானே மறுபடி ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரை மேலே ஒன்று பொருத்திக்கொள்வான். தண்ணீர் இறைக்கும் மோட்டார் தானாக ஓடினால் வாய்க்கால் நிறையும். வெட்டும் யந்திரம் அப்படி ஓடத் தொடங்கினால், இருட்டில் கட்டையைச் சரிசெய்யக் கை நீட்டியிருப்பவன் கதி என்னாவது? தில்லியில் மின்சாரம் முன்போல் அடிக்கடி போவதில்லை. போகவே போகாது என்று யாரும் உறுதி சொல்லவும் இல்லை.

இனி, அந்த மோட்டார்கள் தொடக்கத்தில் இருமுறை துடித்த மர்மம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையம் 1990களில் ஒரு யந்திரக் கட்டுப்பாட்டு நிரலை உருவாக்கி, எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாகிய லினக்ஸ் சி.என்.சி. என்னும் இலவச நிரலைத்தான் இவனும் பயன்படுத்துகிறான். பழைய கணிப்பொறியில் அச்சு யந்திரத்துக்காக வைத்த இருபத்தைந்து முனை இணைப்பின் வழியாக அது மோட்டார்களுக்குத் துடிப்புகளை அனுப்பும். ஆனால் கணிப்பொறி விழிக்கும்போது, நிரல் பொறுப்பேற்பதற்கு முன்னமே, அம்முனைகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ராஜா பட்டம் ஏறுவதற்கு முன் அரண்மனையில் யார் யாரோ கட்டளையிடுவதைப் போன்றது இது. மோட்டாருக்கு எந்தக் கட்டளை ராஜாவினுடையது என்று தெரியாது.

இதற்குக் கண்ட பரிகாரம் அழகானது. நிரல் விழித்திருக்கும் வரை ஒரு முனையில் வினாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இணைப்புப் பலகையிலுள்ள ஒரு சிறு மின்சுற்று அத்துடிப்பைக் கவனித்திருக்கும். துடிப்பு வருகிற வரையில்தான் மோட்டார்களுக்கு மின்சாரம். நிரல் இன்னும் பொறுப்பேற்கவில்லையா, நடுவில் உறைந்துவிட்டதா, கம்பி பிடுங்கிக்கொண்டதா, துடிப்பு நிற்கும், மின்சாரமும் நிற்கும். முனை எப்போதும் உயர்ந்த அழுத்தத்தில் நின்றாலும் போதாது, துடிக்க வேண்டும்; செத்துப்போன கணிப்பொறியின் முனையும் உயர்ந்த அழுத்தத்தில் நிற்கக்கூடும் அல்லவா? மருத்துவர் நாடியைப் பார்ப்பதும் அதற்காகத்தானே. நார்வே நாட்டு இளைஞர் ஒருவர் 2009இல் எழுதத் தொடங்கிய கெர்பிள் என்ற சிறிய நிரல், இன்று எத்தனையோ வீட்டு யந்திரங்களை ஆள்கிறது. மூலை தேடும் ஏற்பாடு இருக்கும் யந்திரத்தில், மின்சாரம் வந்ததும் அது தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, மூலையைத் தொட்டு வந்தாலொழிய வேறு கட்டளையை ஏற்பதில்லை. அதற்கென்று ஒரு விடுதலைக் கட்டளை கொடுத்துப் பூட்டைத் திறந்தாலன்றி. அகாஷியில் தாண்டிய வேலியைப் போல, அதையும் தாண்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சிவப்புப் பொத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை. மஞ்சள் பின்னணியில் காளான் குடை போன்ற சிவப்புத் தலை என்பது சர்வதேச வழக்கு. பார்த்து அழுத்த நேரமில்லாதவன் உள்ளங்கையால் அறைவதற்காகவே அந்த வடிவம். அது கணிப்பொறிக்கு விண்ணப்பம் அனுப்பும் பொத்தானாக இருக்கக் கூடாது. மோட்டார்களின் மின்வழியைத் தானே அறுக்க வேண்டும். அழுத்திய பொத்தான் அழுந்தியே நிற்க வேண்டும். திருகி விடுவித்தால் யந்திரம் ஓடத் தொடங்கிவிடக் கூடாது, ஓடுவதற்குத் தகுதி பெறலாம், அவ்வளவே. மின்சாரத்தை உடனே அறுப்பதா, வேகத்தைத் தணித்துவிட்டுப் பிறகு அறுப்பதா என்பது யந்திரத்தைப் பொறுத்தது. கனத்த சுழல்வெட்டி மின்சாரம் போன பின்னும் வெகு நேரம் சுழலும். செங்குத்துத் தண்டில் தொங்கும் பாரம் பிடிப்பு நீங்கினால் தானே கீழே இறங்கும். நிறுத்தத்தையும் யோசித்துத்தான் அமைக்க வேண்டியிருக்கிறது.

மாதம் ஒன்று கழிந்தபின் இரண்டாம் முறை அழைத்தான். இம்முறை சுவர்ப் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு கட்டையின்மேல் அறுபது வாட் இழை பல்பு இருந்தது. மின்சார வேலைக்காரர்கள் ஸீரீஸ் பல்பு என்று வைத்திருப்பார்களே, அதுதான். யந்திரத்துக்குப் போகும் மின்சாரமெல்லாம் அந்தப் பல்பின் வழியே போக வேண்டும். உள்ளே எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும், யந்திரம் தப்பிவிடும். மோட்டார்களின் கம்பிகளை மின்சாரம் கொடுக்குமுன்னரே கழற்றி வைத்திருந்தான். ஓடும் மின்சாரத்தில் கழற்றினால் அவற்றை இயக்கும் பலகை கருகிவிடுமாம். சுழல்வெட்டிக்குப் பிளக்கே செருகவில்லை. அதன் வாயில் வெட்டியும் இல்லை. சட்டத்துக்கும் சுவரின் எர்த் முனைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தான். பிறகு ஸ்விட்சைப் போட்டான்.

பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கிச் செந்நூலாய்ச் சுருங்கிற்று. மின்தேக்கிகள் நிறைந்துவிட்டன என்பதற்கு அடையாளம் என்றான். மீட்டரில் 36 வோல்ட் காட்டியது. அணைத்துவிட்டுக் காத்திருந்தான், தேக்கியில் நிற்கும் மின்சாரம் வடிய நேரம் வேண்டுமாம், ஸ்விட்சை அணைத்தவுடன் கை வைப்பவர்கள்தான் அடிபடுவார்கள் என்றான். வடிந்தபின் பல்பை விலக்கி, ஒரே ஒரு மோட்டாரை இணைத்தான். கணிப்பொறி விழித்தது, மோட்டார் துடிக்கவில்லை. நிரல் பொறுப்பேற்றபின், சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்து, பச்சையை அழுத்தினான். மோட்டார் மெல்லிய முனகலுடன் தண்டைப் பிடித்துக்கொண்டது.

அதன்பின் அவன் செய்தது எனக்குப் புதுமையாக இருந்தது. யந்திரத்தை ஓட்டுவதற்குப் பதிலாக, அதை நிறுத்தும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினான். பாலம் நடுவில் ஊர்ந்து போகும்போது மூலை ஸ்விட்சின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கினான், நின்றது. மாட்டிவிட்டு மறுபடி நகர்த்தி, கணிப்பொறியின் கம்பியைப் பிடுங்கினான், நின்றது. என்னைச் சிவப்புப் பொத்தானை அறையச் சொன்னான், அறைந்தேன், நின்றது. சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டான். மின்சாரம் திரும்பியும் யந்திரம் சும்மா இருந்தது. பிடுங்கிய கம்பிகளையெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டான். இத்தனைக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. என் தமக்கை அனுப்பிய முறுக்குப் பொட்டலம் அதற்குள் தீர்ந்துவிட்டது.

கடைசியாக எல்லா மோட்டார்களையும் இணைத்து, வெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சிலைக் கட்டி, பலகைமேல் தாளை ஒட்டி, ஐம்பது மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வரையச் சொன்னான். மிக மெதுவாக வரைந்தது. அளந்து பார்த்தபோது ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம், மாமா" என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, பிளக்கையும் பிடுங்கி வைத்தான்.